மனித உரிமைப் பிரகடனமும் வினைமுதலும்

மனித உரிமையைக் காத்தற்கென உலக நாடுகள் தமக்குள் அமைத்துக்கொண்ட ஏற்பாடு நிலைபெறுமா, நிலைகுலையுமா என்னும் வினா இந்நாளில் பலராலும் எழுப்பப்படுகின்றது. சட்ட அறிஞரும் அரசியல் அறிஞரும் இதற்கு விடை காண நூல்கள் பல எழுதியுள்ளனர். மொழியும் இலக்கணமும் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சியில் என்ன வேலை எனச் சிலர் ஐயுறலாம். வேலை உண்டு என்பதே எம் கருத்து. அவ்வேற்பாட்டிற்குப் படை இல்லை. வரி தண்டும் ஆற்றல் இல்லை. சில வாசகங்களும், அவ்வாசகங்களை ஏற்றுக் கையொப்பமிட்டோர் சொல் பிறழார் என்னும் நம்பிக்கையுமே அதன் முதற்பொருள். சொற்களால் எழுந்த கட்டடம் விரிசல் காணும்போது சொற்களையும் சென்று நோக்குதல் முறையே. அச்சொற்களுள் ‘யார்க்கு’, ‘யாரால்’ என்னும் இரு வேற்றுமைகளை மட்டும் ஈண்டு ஆராய்வோம்.

நான்காம் வேற்றுமை

ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 1948 டிசம்பர் 10ஆம் நாள் பாரிஸ் நகரில் மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அன்று பேரவையில் இருந்த 58 நாடுகளுள் 48 உடன்பட்டன. எதிர்த்து வாக்களித்தது ஒன்றும் இல்லை. 8 நாடுகள் வாக்களியாது ஒதுங்கின. எலினார் ரூசுவெல்ட் அம்மையார் தலைமையில் அதனை உருவாக்கியோர் அதன் பெயரிலேயே ஒரு மாற்றம் செய்தனர். ‘நாடுகளிடைப் பிரகடனம்’ என்று பொருள்படும் முதற்பெயர், பிரெஞ்சு அறிஞர் ரெனே காசினின் முயற்சியால், ‘உலகப் பொதுப் பிரகடனம்’ ஆயிற்று. நாடுகளுக்கு இடையே நிற்பது வேறு. எல்லார்க்கும் பொதுவாய் நிற்பது வேறு. பெயரிலிருந்து நாடுகள் விலகிக்கொண்டன என்பதை நினைவிற் கொள்க. இவ்விலக்கம் நூல் முழுவதும் தொடர்கின்றது.

இந்தியாவின் சார்பில் அமர்ந்த ஹன்சா மேத்தா அம்மையார் மற்றொரு திருத்தத்திற்குக் காரணராயினார். ஆங்கில வரைவின் முதல் உறுப்புரையில் ஆடவரையும் மாந்தரையும் ஒருங்கே குறிக்கும் சொல் இருந்தது. பெண்டிரை விலக்குவார்க்கு அஃது இடந்தரும் என அவர் மறுத்தமையால், மனிதப் பிறவியர் அனைவரையும் சுட்டும் தொடர் புகுந்தது. தமிழில் எழுதுவார்க்கு இத்தொல்லை பெரிதும் இல்லை. ‘ஒவ்வொருவர்’, ‘எவர்’ என்பன ஆண்பால் பெண்பால் இரண்டற்கும் பொதுவாய் நிற்கும். எனினும் ‘மனிதன்’ என ஒருமையில் எழுதித் தம்மை அறியாமலே அப்பழைய ஆங்கில வழுவிற் சென்று விழுவார் நம்மிடையே இன்றும் மிகப் பலர்.

பிரகடனத்தின் 30 உறுப்புரைகளும் பெரும்பாலும் இரண்டு வாய்பாடுகளில் அடங்குவன. ஒருவர் இன்ன உரிமையை உடையர் என்பது ஒன்று. எவரும் இன்ன துன்பத்திற்கு உட்படுத்தப்படலாகாது என்பது மற்றொன்று. முதல் வாய்பாட்டில் ஆங்கிலமும் பிரெஞ்சும் மனிதனை எழுவாயாக நிறுத்தி, உரிமையை அவன் கைப்பொருள் போலக் கூறும். தமிழிலோ ‘ஒவ்வொருவர்க்கும் உரிமை உண்டு’ என நான்காம் வேற்றுமையாற் கூறுதலே இயல்பு. இம்மாற்றம் சிறிதன்று. நான்காம் வேற்றுமைக்குப் பவணந்தியார் கூறும் பொருள்களுள் கொடை, தகவு, முறை என்பன உள்ளன. ‘ஒவ்வொருவர்க்கும்’ என்பதிலுள்ள குவ்வுருபு இவற்றுள் யாது?

கொடை எனின், கொடுத்தவர் ஒருவர் வேண்டும். அவர் மீட்டுக்கொள்ளுதலும் கூடும். அரசு தந்த உரிமையை அரசே பறிக்கும் என்பார் கூற்று இப்பொருளை நம்பியே நிற்கின்றது. தகவு எனின், கொடுப்பவர் வேண்டா; மனிதனாய்ப் பிறத்தலே தகுதி. பிரகடனத்தார் கருத்து இதுவே என்பது முதல் உறுப்புரையாற் பெறப்படும். மூன்றாவதாகிய முறை என்பது உறவு. சாத்தற்கு மகன் என்றாற்போல இருவரை ஒருவரோடொருவர் பிணிப்பது. தகவு தனியொருவனிடத்தே நின்றுவிடும்; முறைக்கு இருவர் வேண்டும். இம்மூன்றாம் பொருள் பிரகடனத்தில் நுழைய முயன்று வாயிலிலேயே நின்றுவிட்டது என்பது எம் துணிபு.

சீனத்துப் பிரதிநிதி பி. சி. சாங், மனிதனை அறிவுடையவன் என்று மட்டும் கூறுதல் போதாது என்றார். ‘ரென்’ என்னும் கன்பூசியக் கருத்தும் வேண்டும் என்றார். அச்சொல்லைக் குறிக்கும் சீன எழுத்து மனிதன், இரண்டு என்னும் இரு குறிகளாலாயது. ஒருவன் தன்னையும் எதிரே நிற்பவனையும் ஒருங்கு வைத்து எண்ணும் மனநிலை அதன் பொருள். ஆங்கில வரைவில் அதற்கு நேராக எழுதப்பட்டதோ மனச்சாட்சி என்று பொருள்படும் சொல். மனச்சாட்சி ஒருவன் தன் உள்ளத்தே தனித்துக் கேட்பது. இருவர்க்கிடைப்பட்ட உறவு ஒருவனுக்குள் அடங்கிவிட்டது. மொழிபெயர்ப்பில் இழந்த பொருள்கள் பல உண்டு. இதனினும் பெரிய இழப்பு அந்நூலில் யாம் காணவில்லை.

மறைந்த வினைமுதல்

இரண்டாம் வாய்பாட்டிற்கு வருவோம். எவரும் வதைக்கப்படலாகாது, எவரும் காரணமின்றிச் சிறைப்படுத்தப்படலாகாது. இவை செயப்பாட்டுவினைகள். வதைத்தல் என்னும் தொழிற்கு வதைப்பான் ஒருவன் இன்றியமையான். மூன்றாம் வேற்றுமைக்குத் தொல்காப்பியனார் கூறும் பொருள் வினைமுதலும் கருவியும் ஆம். பிரகடனத்தில் கருவியும் இல்லை, வினைமுதலும் இல்லை. ‘யாரால்’ என்று வினவுவார்க்கு அத்தொடர்கள் வாய் திறப்பதில்லை. அரசு என்னும் சொல் சிற்சில இடங்களில் வருகின்றதாயினும், இன்னது செய்யும் கடப்பாடுடையோனாக எழுவாயிடத்து நிற்பது அரிது.

இதனைக் குறை என்று மட்டும் கூறிவிடுதல் நேர்மையன்று. பிரகடனம் சட்டம் அன்று. எல்லார்க்கும் பொதுவான அளவுகோல் என்றே அதனை உருவாக்கியோர் கூறினர். வினைமுதல் இன்னார் என்று எழுதியிருப்பின் 48 நாடுகள் உடன்பட்டிரா. தென்னாப்பிரிக்காவில் அவ்வாண்டே நிறவொதுக்கல் கொள்கையினர் ஆட்சிக்கு வந்தனர். குடியேற்ற நாடுகளை ஆண்ட பேரரசுகள் அவையிலேயே அமர்ந்திருந்தன. பெயர் கூறாமையே பிரகடனம் பிறத்தற்கு விலை ஆயிற்று. பிறந்தபின் அவ்விலையைத் தவணை தவணையாக இறுத்து வருவோர் வேறு மாந்தர்.

காந்தியடிகள் இக்குறையை முன்னரே உணர்ந்திருந்தார் எனலாம். யுனெஸ்கோவின் தலைமை இயக்குநர் ஜூலியன் ஹக்ஸ்லி மனித உரிமை பற்றி உலக அறிஞர் கருத்தைக் கேட்டு எழுதியபோது, அடிகள் 1947 மே மாதத்தில் மிகச் சுருங்கிய விடை ஒன்றை விடுத்தார். உரிமை யாவும் நன்கு ஆற்றிய கடமையிலிருந்தே வருவன என்றும், இதனை எழுத்தறியாத தம் தாயிடம் கற்றதாகவும் அதிற் கூறினார். இவ்விடையை உரிமைக்கு எதிரான உரையாகக் கொள்வார் உளர். யாம் அவ்வாறு கொள்ளவில்லை. கடமை என்பது வினைமுதலை வினவுவதே. ஆனால் அடிகள் உரிமை உடையவனையே கடமைக்கும் வினைமுதலாக்கினார். வதைபட்டவனிடம் சென்று நின் கடமையைச் செய்தாயோ என்று வினவுதல் ஆகாது. ஆதலின் அவர் காட்டிய வழி பாதித் தொலைவிலேயே நின்றுவிடுகின்றது.

எஞ்சிய பாதியை 1966 டிசம்பர் 16ஆம் நாள் ஏற்கப்பெற்ற இரு உடன்படிக்கைகளே கடக்க முயன்றன. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையின் இரண்டாம் உறுப்புரையில் கையொப்ப நாடு எழுவாயிடத்து வந்து அமர்ந்தது. மதித்தலும் உறுதிப்படுத்தலும் அதன் வினைகள் ஆயின. 1976 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அவ்வுடன்படிக்கையில் இன்று 170க்கு மேற்பட்ட நாடுகள் சேர்ந்துள்ளன. இந்தியா 1979இல் சேர்ந்தது. அதனோடு பிறந்த விருப்ப நெறிமுறை ஒன்றுண்டு. அதனை ஏற்ற நாட்டின் ஆட்சிக்கு உட்பட்டோர், உள்நாட்டு வழிகள் அடைபட்டபின், 18 அறிஞர் அமர்ந்த மனித உரிமைக் குழுவினிடம் முறையிடலாம். இந்தியா இதனை ஏற்கவில்லை. வதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997இல் கையொப்பமிட்டும் இந்தியா அதனை இன்றளவும் உறுதிசெய்யவில்லை. எழுவாயிடத்து அமர்ந்த நாடு பயனிலைக்கு வரத் தயங்குகின்றது.

கைந்நாட்டு

விருப்ப நெறிமுறையின்படி முறையீட்டைக் கேட்டபின் குழு தருவது யாது? ஆங்கில வாசகம் அதனைத் தீர்ப்பு என்னாது. கருத்துகள் என்றே மெல்லக் கூறும். பிரெஞ்சு வாசகமோ, ஆராய்ந்து கண்டறிந்தவை எனப் பொருள்படும் சொல்லை வைத்துள்ளது. இரண்டு வாசகங்களும் ஒப்ப முடிந்தனவே. ஒருவன் கருத்தை மற்றவன் ஒதுக்கிவிடலாம். கண்டறிந்த ஒன்றை அவ்வாறு ஒதுக்குதல் எளிதன்று. 2008இல் குழு தானே வெளியிட்ட பொதுவுரை ஒன்றில், தன் கருத்துரைகள் நீதிமுறை முடிபின் இயல்பு பலவற்றை உடையன எனக் கூறிற்று. ஒரு சொல்லின் மென்மையால் விளைந்த நட்டத்தை உரையெழுதி ஈடுசெய்ய முயன்றது எனலாம். அந்நட்டத்தின் அளவை இலங்கை வழக்கொன்று காட்டும்.

இலங்கையில் தமிழர் ஒருவர் 1993இல் கைது செய்யப்பட்டார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவர்மீது வழக்கு நடந்தது. 1995இல் மேல் நீதிமன்றம் அவர்க்கு 50 ஆண்டுச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டு ஆயிற்று. தீர்ப்பிற்கு அடிப்படை ஒப்புதல் வாக்குமூலம் ஒன்றே. அது சிங்களத்தில் எழுதப்பட்டது. அவர் சிங்களம் அறியார். மொழிபெயர்த்தவரும் காவலர் ஒருவரே. தாம் வதைக்கப்பட்டதாகவும், வாசிக்க இயலாத அத்தாளில் பெருவிரற் பதிவு வைக்குமாறு வலியுறுத்தப்பட்டதாகவும் அவர் கூறினார். தடைச் சட்டத்தின்படி வாக்குமூலம் வற்புறுத்திப் பெறப்பட்டது என மெய்ப்பிக்கும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவர்மேலதே. தாம் அறியாத மொழியிற் பேசிய ஒரு தாளுக்கு, அத்தாளின் வினைமுதல் தாம் அல்லர் என அவரே சான்று காட்டல் வேண்டும்.

இலங்கை விருப்ப நெறிமுறையை 1997இல் ஏற்றிருந்தமையால் வழக்கு ஜெனீவாவிலுள்ள குழுவிடம் சென்றது. 2004 ஜூலையில் குழு தன் கருத்துரையை வெளியிட்டது. நேர்மையான விசாரணைக்குரிய உரிமை மீறப்பட்டது என்றும், தன்விருப்பின்றிப் பெற்ற வாக்குமூலம் அன்று என மெய்ப்பிக்கும் சுமை அரசைச் சார்ந்ததே என்றும், விடுதலையோ மறுவிசாரணையோ இழப்பீட்டுடன் வழங்கத்தக்கது என்றும் கூறிற்று. அக்கருத்துரையை ஏந்தி அவர் இலங்கை உயர்நீதிமன்றத்தை அணுகினார். 2006 செப்டம்பரில் அந்நீதிமன்றம் வேண்டுகோளைத் தள்ளியது. நெறிமுறையை 1997இல் குடியரசுத் தலைவர் ஏற்றமை, நாட்டு மக்களுக்குரிய நீதி அதிகாரத்தை வெளிநாட்டுக் குழுவொன்றிற்கு வழங்குவதாகும்; ஆதலின் அஃது அரசியலமைப்பிற்கு மாறானது என்பது அதன் முடிபு.

இம்முடிபிலுள்ள முரணை நோக்குக. குழு தருவது கருத்தே அன்றித் தீர்ப்பன்று என்பது நாடுகள் பலவும் கூறும் வாதம். ஆகவே கட்டுப்படத் தேவையில்லை என்பர். இலங்கை நீதிமன்றமோ அக்கருத்தை நீதி அதிகாரமாகவே கொண்டது. ஆகவே அதனை ஏற்க இயலாது என்றது. மெலிதாயின் புறக்கணிக்கலாம், வலிதாயின் விலக்கலாம். சொல்லை எப்பொருளிற் கொள்ளினும் சிறையிலிருப்பவர்க்குப் பயன் ஒன்றே ஆயிற்று.

பின்னர் 2007இல் இலங்கை நாடாளுமன்றம் உடன்படிக்கையின் சில பகுதிகளை உள்நாட்டுச் சட்டமாக்கியது. பகைமை தூண்டுதலை விலக்கும் பிரிவும் அதில் இடம்பெற்றது. சிறுபான்மையோர்க்குக் காப்பாக வேண்டிய அப்பிரிவின்படி, 2019 ஏப்ரலில் சிங்கள எழுத்தாளர் ஒருவர் தாம் எழுதிய சிறுகதைக்காகக் கைது செய்யப்பட்டுச் சில திங்கள் சிறையில் இருந்தார். மனித உரிமைச் சட்டம் ஒரு கதையைச் சிறைப்பிடித்தது என்பது இலக்கியம் பயில்வார் மறக்கலாகாத செய்தி.

போதலும் ஆக்கலும்

வினைமுதலை மறைக்கும் சொல்லாட்சிக்கும் அதனை வெளிக்கொணரும் சொல்லாட்சிக்கும் நிகழ்ந்த போராட்டத்தை மிகத் தெளிவாகக் காட்டுவது ‘காணாமற்போனோர்’ என்னும் சொல். இது பற்றிச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்.

1976 முதல் 1983 வரை அர்ஜென்டினாவிற் படையாட்சி நடந்தது. ஆயிரக்கணக்கானோர் வீடுகளிலும் தெருக்களிலும் பிடித்துச் செல்லப்பட்டனர். பின்னர் அவரைப் பற்றிய செய்தி இல்லை. 1984இல் அந்நாட்டு விசாரணைக் குழு 8,900க்கு மேற்பட்டோரைப் பெயர் குறித்துப் பதிந்தது. மாண்டோர் தொகை அதனினும் மிகுதி என்பர். அவர்களை எங்கே என்று 1979இல் செய்தியாளர் கேட்டபோது, படையாட்சித் தலைவர் விடேலா, அவர்கள் உயிரோடும் இல்லை, இறந்தும் இல்லை, காணாமற்போனவர்கள் என்னும் கருத்துப்பட விடையிறுத்தார். போதல் தன்வினை. தானே போனவனை யார் போக்கினார் என்று கேட்பதற்கு இடமில்லை. செயப்படுபொருளைச் செய்தது போலக் கூறும் வழக்கு ஒன்றைத் தொல்காப்பியனார் உடன்படுவர். ‘திண்ணை மெழுகிற்று’ என உரையாசிரியர் காட்டுவர். திண்ணையை மெழுகியவள் யார் என்பது ஊரறிந்த செய்தியாதலின் அவ்வழக்கால் தீங்கில்லை. விடேலா கூறிய விடையிலும் அமைப்பு அதுவே. ஆனால் ஆண்டு மெழுகியவரை மறைத்தற்கே அமைப்புப் பயன்பட்டது.

1977 ஏப்ரலில் தாய்மார் பதினால்வர் புவெனஸ் அயர்ஸ் நகரின் மே சதுக்கத்திற் கூடினர், வாரந்தோறும் கூடலாயினர். அவர்தம் முயற்சியும் பிற நாட்டார் முயற்சியும் சேர்ந்து 1980இல் ஐக்கிய நாடுகள் அவையில் இதற்கெனச் செயற்குழு ஒன்று அமைந்தது. 1988இல் ஹொண்டுராஸ் நாட்டு வழக்கொன்றில், கடத்தியவர் இன்னார் என ஆளறிந்து காட்ட இயலாவிடினும், தடுக்கவும் துப்பறியவும் தவறிய அரசு பொறுப்பினின்று நீங்காது என அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இஃது இலக்கணத்தாற் கூறின், தோன்றா வினைமுதலைத் தோன்றியதாகவே கொள்ளுதல். 2006இல் ஏற்கப்பெற்ற உடன்படிக்கை இன்னும் ஒருபடி சென்றது. அரசின் ஆள்கள் மட்டுமன்றி, அரசின் இசைவாலோ துணையாலோ வாளாவிருத்தலாலோ இயங்குவோர் செய்வதும் அதன்கண் அடங்கும். வாளாவிருத்தலும் ஒரு வினையாக எண்ணப்பட்டது. கொண்டு சென்றவர் இன்ன நிலையில் உளர் என்பது தெரியும்வரை குற்றம் நிகழ்காலத்தே தொடர்கின்றது என்பதும் அதன் கோட்பாடு. இறந்தகாலமாயிற்று என்று கூறிக் கணக்கை முடித்தல் இயலாது.

இவ்வுடன்படிக்கையை இலங்கை 2016இல் உறுதிசெய்து, 2018இற் சட்டமும் இயற்றியது. அந்நாட்டில் அமைந்த அலுவலகத்தின் தமிழ்ப்பெயர் ‘காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்’ என்பது. போரில் மாயமான படைவீரரையும் அது தேட வேண்டியிருத்தலின் பெயர் பொதுவாயிற்று என்று அமைதி கூறலாம். ஆயினும் 2017 பிப்ரவரியிற் கிளிநொச்சியில் தெருவோரத்தே அமர்ந்த தாய்மார் அச்சொல்லை ஏற்கவில்லை. தம் மக்கள் ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றனர். போ என்பது தன்வினை. ஆக்கு என்பது பிறவினை. ஆக்கப்பட்டோர் என்றவுடனே ஆக்கினோர் எழுந்து நிற்கின்றனர். பலர் தம் மக்களைப் போர் முடிவில் தம் கையாலேயே படையினரிடம் ஒப்படைத்தவர். போனார் என்று அவர் எங்ஙனம் கூறுவர்?

இலக்கணம் வல்லார் ‘வலிந்து’ என்பதில் வழு காணக்கூடும். வினையெச்சத்தின் வினைமுதலும் முடிக்குஞ் சொல்லின் வினைமுதலும் ஒன்றாதல் வேண்டும் என்பது விதி. வலிந்தவர் ஒருவர், ஆக்கப்பட்டவர் வேறொருவர். ஆகவே எச்சம் தொடரிலுள்ள எவரையும் சென்று பற்றாது, தொடரில் இல்லாத ஒருவரைச் சென்று பற்றுகின்றது. அஃது அங்ஙனமே பற்றுக. கற்றோர் அமைத்த அலுவலகப் பெயரினும் தெருவோரத்தார் ஆண்ட இத்தொடர் சட்டத்தின் கருத்தை நன்கு காட்டுவது என்பது எம் துணிபு. வழக்கே இலக்கணத்திற்கு முதல் என்பார்க்கு இதனை அமைத்துக்கொள்ளுதல் அரிதன்று.

நீங்குவோரும் வினவுவோரும்

இனி எதிர்காலம் பற்றிய வினாவிற்கு வருவோம். சாமுவேல் மோய்ன் 2010இல் வெளியிட்ட நூலில், மனித உரிமை இயக்கம் 1948இற் பிறந்ததன்று, பிற கனவுகள் பொய்த்த 1970களிற் பிறந்தது என்றார். வரலாற்று முறையில் அவர் நூல் நன்று. ஆயினும் அர்ஜென்டினத் தாய்மாரை விடப் பாரிஸ், வாஷிங்டன் அறிஞர்க்கே அதில் இடம் மிகுதி. ஸ்டீபன் ஹாப்குட் 2013இல், ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் அமைந்த பெருநிறுவன மனித உரிமை முடிவை நெருங்கிவிட்டது என்றும், ஆங்காங்கே மக்கள் தாமே நடத்தும் உரிமைப் போராட்டம் வேறு என்றும் பிரித்தார். முன்னதைப் பெரிய எழுத்தாலும் பின்னதைச் சிறிய எழுத்தாலும் குறித்தார். நம் எழுத்தில் பெரிய எழுத்தில்லை. இவ்வேறுபாட்டைத் தமிழில் எழுதிக் காட்டவே இயலாது. அஃது ஒருவகையில் நன்றே எனத் தோன்றுகின்றது. ஏனெனில் கிளிநொச்சித் தாய்மார் ஜெனீவாவிற்கு மனுக்கொடுப்பவரும் ஆவர். காதரின் சிக்கிங்க் 2017இல் இவர்களை மறுத்து, இலத்தீன் அமெரிக்க நாடுகள் 1948இன் முற்பகுதியிலேயே பொகோட்டாவில் தமக்கொரு பிரகடனம் செய்தமையைக் காட்டி, நம்பிக்கைக்குச் சான்றுண்டு என்றார். மூவரும் ஏற்பாடு உளதோ இலதோ என்றே வினவுகின்றனர். வினைமுதல் எங்கே என்று வினவுவதே பயனுடைத்து.

அவ்வினாவோடு நோக்கின், அண்மை நிகழ்ச்சிகள் ஒரு வகைப்படும். எழுவாயிடத்தில் அமர்ந்தோர் எழுந்து செல்கின்றனர். இரசியா 2022 செப்டம்பரில் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் உறுப்பினின்று நீங்கியது. அமெரிக்கா 2025 பிப்ரவரியில் மனித உரிமைப் பேரவையினின்று விலகுவதாக அறிவித்தது. அவ்வாண்டிலேயே, எல்லா நாடுகளும் முறையே உட்படும் காலமுறை ஆய்விற் பங்குகொள்வதில்லை என்றும் கூறிற்று. அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தின் நீதிபதியர் சிலர்மீது தடைகளும் விதித்தது. அந்நீதிமன்றத்தினின்று புருண்டி 2017இலும் பிலிப்பைன்ஸ் 2019இலும் நீங்கின. ஹங்கேரி 2025இல் நீங்குவதாக அறிவித்தது. வெளியேறாமலே வாயடைப்பதும் உண்டு. சீனத்தின் சிஞ்சியாங்கு பற்றி ஐக்கிய நாடுகள் அலுவலகம் 2022 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டது. அதனைப் பேசவேனும் வேண்டும் என்ற முன்மொழிவை அக்டோபரில் பேரவை 19க்கு 17 என்னும் வாக்கில் தள்ளியது.

நீங்கினார் நீங்கினமையால் வினையும் நீங்குமோ எனின், அன்று. வட கொரியா 1997இற் குடியியல் உடன்படிக்கையினின்று விலகுவதாக அறிவித்தது. அதில் விலகுவதற்கு விதி இல்லை. உரிமைகள் அந்நிலத்து வாழும் மக்களைச் சார்ந்தன. ஆட்சி மாறினும் விலகினும் அவை உடன் செல்லா என அவ்வாண்டே குழு கூறிற்று. குவ்வுருபிற்குப் பொருள் கொடையோ தகவோ என்று முன்னர் ஐயுற்றோம். மீட்டுக்கொள்ளத்தக்க கொடை அன்று என்னும் விடை இதுவே. பிலிப்பைன்ஸ் நாட்டின் முன்னாள் தலைவர் துதெர்த்தே 2025 மார்ச்சில் கைது செய்யப்பட்டு ஹேக் நகர் நீதிமன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டார். நாடு உறுப்பாயிருந்த காலத்து நிகழ்ந்த செயல்களுக்கு அந்நீதிமன்றின் அதிகாரம் நிற்கின்றது. நிகழ்காலத்தினின்று விலகுவோர் இறந்தகாலத்தினின்று விலகல் இயலாது.

மற்றொரு மாற்றமும் உண்டு. வதைத்தவன் தன்மை, வதைபட்டவன் முன்னிலை என்று கொண்டால், இதுகாறும் வழக்குரைத்தல் இவ்விருவர்க்கிடையே நின்றது. 2019 நவம்பரில் ஆப்பிரிக்காவின் சிறிய நாடாகிய காம்பியா, தனக்கு நேர்ந்த தீங்கு ஒன்றும் இல்லாதிருந்தும், ரோகிங்கியர் பொருட்டு மியன்மார்மீது உலக நீதிமன்றத்தில் இனவழிப்பு உடன்படிக்கையின்படி வழக்கிட்டது. 2022 ஜூலையில் அவ்வழக்கை விசாரிக்கத் தனக்கு உரிமையுண்டு என நீதிமன்றம் முடிவு செய்தது. 2023 டிசம்பரில் தென்னாப்பிரிக்கா காசா பற்றி இசுரேல்மீது அவ்வாறே வழக்கிட்டது. நிறவொதுக்கலின் பொருட்டு 1948இல் வாக்களியாது ஒதுங்கிய அதே நாடு என்பது நோக்கற்பாலது. படர்க்கையார் எழுந்து ‘யாரால்’ என வினவத் தலைப்பட்டமை புதிது. இவ்வழக்குகளால் உயிர் எத்துணை காக்கப்பட்டது என்பார்க்கு யாம் கூறும் விடை மிகச் சிறிதாகவே இருக்கும். வினா ஓயவில்லை என்பது மட்டும் உறுதி. பேரரசுகள் கேட்டுச் சிறுநாடுகள் விடையிறுத்த பழைய நிலை போய், சிறுநாடுகள் கேட்கும் நிலை வந்தமையால், ஏற்பாடு அழிந்தது என்பதினும் இடம் பெயர்கின்றது என்பதே பொருந்தும்.

வினைமுதல் அரசு அல்லாதவிடத்து என் செய்வது என்பதற்கு நூல் இன்னும் முற்றவில்லை. 2011இற் பேரவை ஏற்ற வாணிக நெறிகளில் அரசிற்குக் கடமை என்றும், நிறுவனங்களுக்குப் பொறுப்பு என்றும் இரு வேறு சொற்கள் வேண்டுமென்றே வைக்கப்பட்டன. பொறுப்பு கடமையினும் மெலிது. கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்றை எழுத 2014இல் அமைந்த குழு இன்னும் அதன் வாசகத்தை முடித்திலது. கடன் தருதல், வேலைக்குத் தேர்தல், எல்லையிற் புகுவோரைத் தடுத்தல் ஆகியவற்றை இன்று கணிப்பொறிகள் முடிவு செய்யத் தொடங்கியுள்ளன. கருவியையும் வினைமுதலையும் தொல்காப்பியனார் ஒரே வேற்றுமையில் வைத்தார். ஆயினும் அவ்விரண்டையும் பிரித்தே பெயர் கூறினார். கருவியே வினைமுதல் போல நிற்கும் இடத்தில் அப்பிரிவை எங்ஙனம் காட்டுவது என்பது சட்டத்தார்க்கும் நமக்கும் பொதுவான சிக்கல்.

தமிழ்த்துறைகள் செய்யத்தக்க வேலை ஒன்று உடனடியாக உள்ளது. ஐக்கிய நாடுகள் அவையின் ஆட்சிமொழிகள் ஆறனுள் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. அறியாத மொழியிலுள்ள தாளிற் கைந்நாட்டு வைத்ததாற் சிறைப்பட்டவர்க்கு, அவ்வழக்கு நேர்மையற்றது என்று கூறிய கருத்துரையும் வேற்றுமொழியிலேயே பிறந்தது. அதனைத் தமிழிற் பெயர்க்கும்போது ‘கருத்து’ எனப் பெயர்ப்பதா, ‘கண்டறிந்தவை’ எனப் பெயர்ப்பதா என்பது இன்னும் உறுதியாகவில்லை. பிரெஞ்சு வாசகத்தைப் பின்பற்றிப் பின்னதைக் கொள்ளுதலே தக்கது என்பது எம் கருத்து.